பௌலிங், டேபிள் டென்னிஸ், கோல்ஃப்: எளிய விளையாட்டுகளின் வீடியோ கேம்கள் ஏன் அலுப்பதில்லை?

கேள்வி: பின்வரிசை ஆட்டக்காரர்

வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். பரந்த நிலப்பரப்பும் நீண்ட கதையும் கொண்ட பெரிய கேம்களை நானும் விரும்பி ஆடுகிறவன்தான். ஆனால் கதை முடிந்துவிட்டால் அவற்றை மறுபடி திறக்கத் தோன்றுவதில்லை. பத்துக் கட்டைகளை ஒரு பந்தால் சாய்ப்பதற்கு மேல் எதுவுமில்லாத பௌலிங் கேமையும், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்து போய் வருவதைத் தவிர வேறொன்றும் நடக்காத டேபிள் டென்னிஸ் கேமையும் ஆண்டுக்கணக்காக விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

நேரில் செய்ய முடியாததைச் செய்து பார்க்கத்தான் வீடியோ கேம் ஆடுகிறோம் என்று பொதுவாகச் சொல்வார்கள். விண்வெளிப் போருக்கும் அரக்கர்களை வேட்டையாடுவதற்கும் அந்த விளக்கம் பொருந்தும். பௌலிங்குக்கு எப்படிப் பொருந்தும்? அதை யார் வேண்டுமானாலும் நேரில் போய் ஆடலாம். உடலின் உழைப்பு, பந்தின் எடை, கால் வழுக்கும் தரை எல்லாவற்றையும் நீக்கிவிட்ட பிறகு திரையில் மிஞ்சுவது அந்த விளையாட்டின் நிழல் மட்டும்தானே?

இன்னொன்றும் இருக்கிறது. உண்மையான வீரர்களின் முகத்தையும் நடையையும் அரங்கத்தின் ஆரவாரத்தையும் அச்சு அசலாகக் கொண்டுவரும் கால்பந்து, கூடைப்பந்து கேம்கள் என்னை இந்த அளவுக்கு ஈர்த்ததில்லை. அசலோடு நெருங்க நெருங்க ஈர்ப்பும் கூடும் என்பது உண்மையானால், என் அனுபவம் நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இதைப் பற்றி யோசித்திருப்பவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில் 1: பழைய ஜாய்ஸ்டிக்

நீங்கள் நிழல் என்று சொல்வதைத்தான் நான் அந்த விளையாட்டின் கரு என்பேன். வீடியோ கேம்களின் வரலாற்றில் மிகத் தொடக்கத்திலேயே அந்தக் கருவைக் காணலாம். 1958 அக்டோபரில், அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், ஆய்வகத்தைப் பார்க்க வரும் பொதுமக்களுக்காக ஓர் அனலாக் கணினியோடு (எண்களுக்குப் பதிலாக மின்னழுத்த மாற்றங்களால் கணக்கிடும் கணினி) ஆசிலோஸ்கோப்பை (மின்னலைகளை ஒளிக்கோடாகக் காட்டும் சிறு திரைக் கருவி) இணைத்து 'டென்னிஸ் ஃபார் டூ' என்ற ஆட்டத்தை அமைத்தார். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தரைக்கோடு, நடுவில் வலைக்குப் பதிலாக ஒரு சிறு கோடு, நகரும் ஓர் ஒளிப்புள்ளி. திரையில் இருந்தது இவ்வளவுதான். மட்டைகூட வரையப்படவில்லை. கோணத்தை மாற்ற ஒரு குமிழ், அடிக்க ஒரு பொத்தான். ஆனால் அந்தப் புள்ளி புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வளைந்து இறங்கியது; தரையில் பட்டு எழும்பியது; வலையில் பட்டால் தடுக்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். முகமும் அரங்கமும் இல்லாமலேயே அவர்கள் கண்ணுக்கு அது டென்னிஸாகத் தெரிந்ததென்றால், பந்து பந்தைப் போல நடந்துகொண்டது என்பதே அதற்குக் காரணம்.

1972-இல் அட்டாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய 'பாங்' என்ற டேபிள் டென்னிஸ் கேம் இன்னும் நுட்பமானது. மட்டையாகத் தெரியும் அந்தச் சிறு கோட்டை அவர் எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுப்பகுதியில் பட்ட பந்து நேராகத் திரும்பும். ஓரத்தை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். பந்து தவறாமல் போய் வந்துகொண்டே இருந்தால் வேகமும் ஏறும். பத்திரமாக நடுவில் வாங்கித் திருப்புவதா, தவறிவிடலாம் என்று தெரிந்தும் ஓரத்தில் வாங்கி எதிராளியை அலைக்கழிப்பதா என்ற முடிவை ஆடுபவர் ஒவ்வொரு அடிக்கும் எடுக்க வேண்டியிருக்கிறது. உண்மையான மேசைக்கு முன்னால் நிற்பவர் எடுப்பதும் இதே முடிவுதான். மின்சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சி வரை எட்டவில்லை. ஆல்கார்ன் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். அந்த இடைவெளி இல்லாதிருந்தால், கைதேர்ந்த இருவர் ஆடும் ஆட்டம் முடிவே இல்லாமல் நீண்டிருக்கும்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். பெரிய கால்பந்து கேமில் நீங்கள் ஆட்டுவிப்பது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரை. மற்றப் பத்துப் பேரின் ஓட்டத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பந்து கைமாறும்போதெல்லாம் நீங்கள் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தாவுகிறீர்கள். கண்ணுக்கு அது அசல். கைக்கு அசல் இல்லை. டேபிள் டென்னிஸிலோ ஒரே உடல், ஒரே மட்டை, ஒரே பந்து. கைக்கும் பந்துக்கும் இடையில் வேறு யாரும் குறுக்கே வருவதில்லை.

பதில் 2: விதி தெரிந்தவர்

மேலே எழுதியிருப்பவரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஈர்ப்பின் பெரும்பகுதி வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பாங்கின் எட்டுப் பகுதிகளைப் பற்றி எதுவும் அறியாதவர்களும் அதில் மூழ்கினார்களே! அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது ஒன்றுதான்: பந்தைத் தவறவிடக் கூடாது. மற்ற கேம்களில் முதல் ஒரு மணி நேரம் விதிகளைப் படிப்பதிலேயே போய்விடுகிறது. எந்த நிறம் ஆபத்து, எந்தப் பொருள் எதற்கு உதவும், யார் பகைவர் என்று ஒவ்வொன்றாகக் கற்க வேண்டும். பௌலிங் கேமைத் திறக்கிறவர் விதிகளை ஏற்கெனவே சுமந்துகொண்டு வருகிறார்.

கையில் பிடிக்கும் ரிமோட்டை வீசும் அசைவையே ஆட்டமாக மாற்றும் 'வீ' என்ற சாதனத்துக்காக நிண்டெண்டோ 2006-இல் வெளியிட்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' இதற்கு மிகச் சிறந்த சான்று. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்தே விளையாட்டுகள். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் மக்களைச் சென்றடைந்தன. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் சாதனத்தோடு சேர்த்தே அது கொடுக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் கூடவே கிடைத்த ஒன்றை மக்கள் ஒருமுறை பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கலாம், அப்படி ஒதுக்கவில்லை. கண்ட்ரோலரைத் தொட்டே அறியாத முதியவர்கள்கூட, யாரும் சொல்லிக்கொடுக்காமல், கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்னால் வீசினார்கள். உடல் எந்த அளவுக்கு நம்பிவிட்டது என்றால், வீசும் வேகத்தில் பலர் ரிமோட்டையே கைநழுவ விட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் மணிக்கட்டுப் பட்டையை இன்னும் வலுவானதாக மாற்றித்தர வேண்டியதாயிற்று.

அந்த டென்னிஸில் வீரரின் கால்களைக் கேமே நகர்த்தும் என்பதையும் கவனியுங்கள். நமக்கு விடப்பட்டது எப்போது வீசுவது என்பது மட்டுமே. சற்று முந்தினால் பந்து ஒரு பக்கம், பிந்தினால் மறுபக்கம். கருவை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்ற வகையில் முதல் பதிலோடு நான் உடன்படுகிறேன். ஆனால் அந்தக் கரு பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதருக்கும் விளக்கமின்றிப் புரிவதால்தான் அதற்கு உயிர் வருகிறது.

பதில் 3: பின்சுழல்

மேசைக்கு முன்னால் நின்று டேபிள் டென்னிஸ் ஆடுகிறவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன். எல்லா விளையாட்டும் திரைக்கு ஒரே மாதிரி பெயர்ந்து வருவதில்லை. எது நன்றாக வரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது எடை.

டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். அது மட்டையில் படும்போது கை உணர்வது ஒரு மெல்லிய அதிர்வு. அதோடு ஒரு சத்தம். மெய்நிகர் உண்மைத் தலைக்கருவியின் (கண்ணை மறைத்து அணிந்தால் கேமுக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் கருவி) கண்ட்ரோலர் தரக்கூடியதும் ஒரு மெல்லிய அதிர்வும் சத்தமும்தான். ஆகவே 'இலெவன் டேபிள் டென்னிஸ்' போன்ற கேமில், மேசையில் பழகிய கை அதிக மாற்றம் இல்லாமலே வேலை செய்கிறது. மட்டையைச் சற்றுத் திறந்து பந்தின் அடிப்பகுதியை வருடினால் பின்சுழல், அதாவது பந்து பின்னோக்கிச் சுழலும் சுழற்சி, கிடைக்கிறது. அந்தப் பந்தை எதிராளி கவனிக்காமல் தள்ளினால் வலையில் போய் விழுகிறது. இல்லாதது மேசை மட்டுமே. குட்டைப் பந்தை எடுக்க முன்னால் பாய்ந்துவிட்டு, பழக்கத்தில் இடக்கையை மேசையில் ஊன்றப் போனால் அங்கே வெறும் காற்றுதான் இருக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பௌலிங் பந்தோ 7.26 கிலோ வரை இருக்கலாம். அந்த எடை தோளை இழுப்பதும், ஊசலைப் போல் அதுவே கையை முன்னால் கொண்டுபோவதும்தான் அந்த விளையாட்டின் பாதி. கையளவு ரிமோட்டில் அதைக் கொண்டுவர முடியாது. வீ ஸ்போர்ட்ஸ் அதற்கு முயலவே இல்லை. எடையை விட்டுவிட்டு, பந்தைக் கைவிடும் கணத்தைப் பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தியபடி கையை வீசி, சரியான இடத்தில் விரலை எடுக்க வேண்டும். கை பின்னால் இருக்கும்போதே எடுத்துவிட்டால் திரையில் பந்து பின்பக்கம் விழும், அங்கிருப்பவர்கள் துள்ளி விலகுவார்கள். சிறிய விவரம்தான், ஆனால் உங்கள் விரலுக்கும் பந்துக்கும் உள்ள தொடர்பு பொய்யில்லை என்பதை அது ஒரே கணத்தில் உணர்த்திவிடுகிறது.

இதை அசலுக்கு மாற்றாக யாரும் கருத வேண்டாம். கால்களின் வேலை, மூச்சு வாங்குதல், எதிரில் நிற்பவரின் தோள் அசைவைக் கண்டு சுழலைக் கணிப்பது ஆகியவை மேசையில்தான் வரும்.

பின்வரிசை ஆட்டக்காரர்

மூவருக்கும் நன்றி. எடை பற்றிய விளக்கம் நான் சற்றும் எதிர்பாராதது. ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. விதி தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும் மனிதரைப் பற்றிச் சொன்னார். நான் பெரும்பாலும் தனியாகவே ஆடுகிறேன். வெல்வதற்கு எதிராளியே இல்லாத கோல்ஃப் கேமிலும் அதே ஈர்ப்பு இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

பதில் 4: பழைய ஜாய்ஸ்டிக்

கோல்ஃபை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. 1984-இல் வெளிவந்த நிண்டெண்டோவின் கோல்ஃப் கேமை நிரலாக்கியவர், பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைவரான சடோரு இவாடா. ஒரு பட்டையில் குறி நகரத் தொடங்க ஓர் அழுத்தம், வலிமையை நிறுத்த இரண்டாவது, துல்லியத்தை நிறுத்த மூன்றாவது. இந்த அமைப்பைப் பின்னால் வந்த கோல்ஃப் கேம்கள் பலவற்றிலும் காணலாம். முழு உடலும் முறுக்கித் திரும்பும் ஒரு வீச்சு மூன்று விரல் அழுத்தங்களாகச் சுருங்கிவிட்டது. ஆனால் வலிமையை மிகுதியாக வைக்க ஆசைப்பட்டால் துல்லியத்தைப் பிடிக்கத் தடுமாறுவோம் என்ற அசல் கோல்ஃபின் இழுபறி அப்படியே இருக்கிறது.

நீங்கள் கேட்கும் ஈர்ப்பு, மூன்றாவது அழுத்தத்துக்குப் பிறகு தொடங்குகிறது. பந்து காற்றில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முடிவு எடுத்தாயிற்று, விளைவு இன்னும் வரவில்லை. மற்ற வகைக் கேம்கள் இந்த இடைவெளியைப் பெரும்பாலும் வெடிப்புகளாலும் அடுத்த வேலையாலும் நிரப்பிவிடுகின்றன. கோல்ஃபும் பௌலிங்கும் வில்வித்தையும் அதை உங்களிடமே விட்டுவிடுகின்றன. பந்து மணலில் விழுந்தால் குற்றம் சாட்ட எதிராளியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. அடுத்த அடியைத் திருத்தி அடிக்க வேண்டும் என்று கை துடிப்பது அதனால்தான்.

2014-இல் வந்த 'டெசர்ட் கோல்ஃபிங்' என்ற கேம் இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனது. விரலால் இழுத்துவிட்டால் பந்து போகும். குழியில் விழுந்தால் அடுத்த குழி. மணல், மணல், மேலும் மணல். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கும் வசதியே அதில் வைக்கப்படவில்லை. முதல் குழியில் வீணாக்கிய அடிகளும் மொத்தக் கணக்கில் கடைசி வரை உங்களோடு வரும். அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எளிமைப்படுத்தினால் எதுவும் சுவையாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். 2008-இல் பெனட் ஃபாடி உருவாக்கிய 'க்வாப்' நூறு மீட்டர் ஓட்டத்தை நான்கே விசைகளில் தருகிறது: இரண்டு தொடைகளுக்கு, இரண்டு கெண்டைக்கால்களுக்கு. கேட்பதற்கு எளிது, ஆனால் பெரும்பாலோர் சில அடிகள்கூட எடுத்துவைக்க முடியாமல் சரிந்து விழுகிறார்கள். நாம் நடக்கும்போது தொடைக்குத் தனியாக ஆணையிடுவதில்லை. முடிவு எடுக்கப்படும் இடத்தைத் தாண்டித் தசை வரை இறங்கினால், பழக்கத்தில் எளிதாக வந்ததெல்லாம் கைவிட்டுப் போகிறது. அதுவும் அருமையான கேம்தான், ஆனால் அதன் சுவை முற்றிலும் வேறு.

பதில் 5: பின்சுழல்

வெட்டும் இடத்தைப் பற்றிச் சொன்னதற்கு முழு மனத்தோடு உடன்படுகிறேன். எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்க்கிறேன். கைப்பேசியில் கிடைக்கும் பூல் (மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழிகளில் விழவைக்கும் விளையாட்டு) கேம்கள் பலவற்றில், அடிக்கும் முன்பே பந்து எந்தத் திசையில் போகும் என்பதைக் காட்டும் வழிகாட்டிக் கோடு இருக்கிறது. ஒரு பந்தை மற்றொரு பந்தின் எந்தப் புள்ளியில் தொட வேண்டும் என்று கண்ணால் அளப்பதுதான் பூலின் கரு; கோடு அந்த வேலையை நமக்காகச் செய்துவிடுகிறது. பின்வரிசை ஆட்டக்காரர் தனியாக ஆடுவதாகச் சொல்கிறார். அவர் ஆடும் பூல் கேமின் பயிற்சி முறையில் அந்தக் கோட்டை அணைக்க முடியுமென்றால், ஒரு வாரம் அணைத்துவிட்டு ஆடிப் பார்த்து, கண்ணின் அளவை எப்படி மாறுகிறது என்பதை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.