மோட்டார் இரண்டு தடவை எரிந்த பிறகுதான் ஒயர் கண்ணில் பட்டது

எங்கள் தோப்பு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், வடகரப்பதி பஞ்சாயத்தில். மழை மறைவுப் பகுதி, போர் (ஆழ்துளைக் கிணறு) இல்லாமல் தென்னை இல்லை. ஒன்றரை ஹெச்பி சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் (போருக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டார்) போட்டு எட்டு மாதத்தில் வைண்டிங், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் காயில், எரிந்தது. வோல்டேஜ் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பி ரீவைண்டிங் செய்து இறக்கினேன். ஐந்தே மாதம், மறுபடியும் அதே கதை.

இரண்டாவது தடவை பொள்ளாச்சியில் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். மோட்டாரைத் திறக்கக்கூட இல்லை. "ஏனுங்க தம்பி, மீட்டர் பொட்டி எங்க இருக்குது, போர் எங்க இருக்குது?" என்றார். மீட்டர் பெட்டி இருக்கும் வீட்டிலிருந்து, போர் பக்கத்தில் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி வரை 140 மீட்டர், அங்கிருந்து போருக்குள் மோட்டார் வரை 80 மீட்டர். என்ன ஒயர்? முழுக்க 2.5 ஸ்கொயர் எம்எம் (கம்பியின் குறுக்குப் பரப்பு), நல்ல காப்பர்தான். அவர் சிரித்துவிட்டார்.

ஒயரிங் செய்தவர் "2.5 இருபது ஆம்பியர் தாங்கும், உங்க மோட்டார் பத்துதான் இழுக்கும்" என்று சொல்லியிருந்தார். அது பொய் இல்லை, ஒயர் சூடாகவும் இல்லை. ஆனால் தாங்குவது வேறு, தூரம் வேறு என்று பெரியவர் சீட்டில் எழுதிக் காட்டினார். 2.5 காப்பருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் தடை. கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், அதனால் 140 மீட்டர் என்றால் கணக்குக்கு 280. இரண்டு ஓம், பத்து ஆம்பியர், இருபது வோல்ட் வழியிலேயே காலி. போருக்குள் இன்னொரு பன்னிரண்டு. வீட்டில் 215 இருந்தால் மோட்டாருக்கு 183தான் போய்ச் சேரும். மோட்டார் சுற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும், அதாவது 230-ல் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் பல மடங்கு ஏறுவதால் அந்த நேரத்தில் இன்னும் மோசம். உறுமிக்கொண்டே நின்று காயில் வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்றால் மோட்டாரே கடையில் கிடக்கிறது. இத்தனை நாளும் மோட்டார் ஓடாதபோதுதான் ஸ்டார்ட்டரில் வோல்டேஜ் பார்த்திருக்கிறேன், கரண்ட் ஓடாதபோது ஒயரில் எதுவும் குறையாது, அதனால் அப்போது எப்போதும் நன்றாகத்தான் காட்டும்!

சரி, வீட்டிலிருந்து ஸ்டார்ட்டர் வரை தடிமனான 6 ஸ்கொயர் ஒயர் போடலாம் என்று கேட்டபோது ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு சுருள் காட்டினார்கள். கையில் எடுத்தால் பூப்போல இருந்தது. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. 90 மீட்டர் சுருள், 6 ஸ்கொயர் என்றால் செம்பு மட்டுமே ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வர வேண்டும். தராசில் வைக்கச் சொன்னேன், கடைக்காரர் முகம் மாறிவிட்டது. (அப்பா கூடவே நின்று "7/20 இருக்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருபதாம் கேஜ் கம்பி ஏழு, ஏறக்குறைய இன்றைய 4. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது எனக்கு இன்னும் குழப்பம்தான்.)

வேறு கடையில் நல்ல 6 வாங்கிப் போட்டோம். இப்போது ஓடும்போதே பார்த்தால் ஸ்டார்ட்டரில் எட்டு, ஒன்பது வோல்ட்தான் குறைகிறது. போருக்குள் இருப்பதை அடுத்த தடவை மோட்டார் தூக்கும்போது 4-ஆக மாற்ற வேண்டும். கழற்றிய 2.5 மாட்டுத் தொழுவத்தில் ஒரே ஒரு எல்இடி பல்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.