ஃப்ரீசரில் வைத்த சூப் நீர் பிரிகிறது: எதைச் சேர்த்தால் நிற்கும்?

எனக்கு முடக்குவாதம். விரல் வீங்கும் நாட்களில் கத்தி பிடிக்க முடியாது, அடுப்பருகே நிற்கவும் முடியாது. உடம்பு ஒத்துழைக்கும் நாளில் பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு போட்டு 2 லிட்டர் சூப் வைத்து, 300 மில்லி டப்பாக்களில் (ஒரு கையால் தூக்கலாம்) அடைத்து, ஆறியதும் மைனஸ் 18 டிகிரியில் வைப்பதுதான் ஏற்பாடு.

அடுப்பிலிருந்து இறக்கும் முன் 2 மேசைக்கரண்டி சோள மாவு கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுகிறேன், கெட்டியாகவே இருக்கிறது. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கினால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஸ்பாஞ்ச் மாதிரி கட்டி.

மாவைக் கூட்டிப் பார்த்தாயிற்று, இன்னும் மோசம். உறைந்து உருகும்போது சோள மாவின் பசை இறுகித் தண்ணீரைக் கக்கிவிடுகிறது, அளவைக் கூட்டி என்ன பயன்? தண்ணீரைக் குறைத்தால் குக்கரில் அடிபிடிக்கிறது. உருளைக்கிழங்கைச் சேர்க்காமல் விட்டதில் நறநறப்பு போனது, நீர் பிரிவது நிற்கவில்லை. சூடாக்கியபின் மாவு சேர்த்தால் சரியாக வருகிறது; ஆனால் நின்று கிளற வேண்டும், முடியாத நாளில் அதுதானே முடியாது!

கோதுமை, மைதா கூடாது, சீலியாக்கும் (குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) உண்டு. மிக்ஸி ஜாரைத் திருகிப் பூட்டக் கை வராது. ஹேண்ட் பிளெண்டர் இருக்கிறது. சூடாக்குவது மைக்ரோவேவில் மட்டும்.

சமைக்கும்போதே சேர்த்து, உறைந்து உருகிய பிறகும் நீர் பிரியாமல் நிற்கும் பொருள் எது, லிட்டருக்கு எவ்வளவு?