கடைசித் தோசை

வேலூரில் குளிர்காலம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி வெந்துபோகிற ஊர் இது. ஆனால் மார்கழி விடியலில் 18, 19 டிகிரிக்கு இறங்கிவிட்டால் நாங்கள் போடும் கூத்தைப் பார்க்க வேண்டும். காதை மூடிய குல்லாய், கழுத்தைச் சுற்றிய துண்டு, டீக்கடைப் பால் பாத்திரத்தைச் சுற்றி ஒரு கூட்டம். பாலாற்றுப் பாலத்தில் பனி மூடியிருந்தால் காட்பாடிப் பக்கம் வருகிற பஸ் தெரியாது, அதன் விளக்கு மட்டும் தனியே மிதந்து வரும்.

எங்கள் இல்லத்தரசிகள் மன்றம் காந்தி நகரில் கூடுகிறது. உண்மையைச் சொன்னால் சீட்டுப் பிடிக்கத்தான் சேர்ந்தோம். சீட்டு முடிந்தும் கூட்டம் நிற்கவில்லை. 22 பேர். சீட்டுக் கணக்கு எழுதிய நோட்டின் பின்பக்கங்களில்தான் இப்போது புதன்கிழமைப் பேச்சை நான் குறித்துவைக்கிறேன். பேசியவர்கள் அவர்கள், எழுதுகிறவள் நான். ஆகவே கொஞ்சம் என் வாயும் நடுவே புகும்.

விரிஞ்சிபுரத்துக் கடை ஞாயிறு முடிந்த புதன்கிழமை அது. எங்களில் இருவர், குழந்தை வரம் வேண்டிச் சென்ற உறவுப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தார்கள். நள்ளிரவில் சிம்மக்குளத்தில் மூழ்கிய பெண் நன்றாகத்தான் இருந்தாள். துணைக்குப் போன இரண்டு பேரும் தும்மிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு சளிக்குத் திரும்பியது. தூதுவளை, மிளகு, மஞ்சள் பால் என்று ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். பாகாயத்திலிருந்து வரும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா மட்டும் கையை உயர்த்தி, "கஷாயம் இருக்கட்டும். இன்று காலை எத்தனை பேர் சூடாகச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "கல்லில் இருந்த கடைசித் தோசையை நின்றுகொண்டே தின்றேன். அடுப்பை அணைத்துவிட்டேன், சட்னிதான் தீர்ந்துவிட்டது" என்றார். இன்னொருவர், பிள்ளை மிச்சம் வைத்த அரை இட்லி. மூன்றாமவர், பத்தரை மணிக்குப் பச்சைத் தண்ணீர்போல ஆறிய பொங்கல். 22 பேரில் ஒருத்திகூட இல்லை, நான் உட்பட.

அன்றே முடிவு செய்தோம். மார்கழி முழுக்கத் தினம் ஒரு வேளையாவது, வீட்டில் மற்றவர்கள் உட்காரும்போதே நாமும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். முடிந்தவர்கள் காலையில் நடக்க வேண்டும். புதன்தோறும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இரண்டாவது விதி எளிது என்றும் முதலாவது ஒன்றுமே இல்லை என்றும் நினைத்தோம்.

கொசப்பேட்டைத் தங்கை சொன்னது இது. அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலையில் எப்போதும் மூன்று தட்டுதான் எடுப்பேன், அவருக்கும் பையன்களுக்கும். மாமியாரும் நானும் அப்புறம். மார்கழி முதல் நாள் நான்கு தட்டு எடுத்து வைத்தேன். சின்னவன் பார்த்துவிட்டு, 'யாரம்மா வருகிறார்கள்?' என்று கேட்டான். நான்தான் வருகிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவர் மட்டும் தட்டை நகர்த்தி இடம் விட்டார். ஆனால் தோசை நாள். நான் உட்கார்ந்ததும் அத்தை எழுந்து கல்லுக்குப் போய்விட்டார். 78 வயதில் அவர் ஊற்றிப்போட நான் தின்பதா? இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை."

அவள் இதைச் சொல்லி முடித்ததும்தான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. குற்றவாளி தோசை. ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொன்றாக இலைக்கு அனுப்புகிற பண்டம் அது. சுடுகிறவள் உட்கார முடியாது. சப்பாத்தியும் பூரியும் அதே ஜாதி. ஒரே பாத்திரத்தில் முடிந்து ஒரே நேரத்தில் இறங்குவது எது என்று பட்டியல் போட்டோம். வெண்பொங்கல், சாமை உப்புமா, கம்பஞ்சோறு, கேழ்வரகுக் களி. வட ஆற்காட்டுக்காரிகளான எங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சாமை ஜவ்வாது மலையிலிருந்து வருவது. களி எங்கள் பாட்டிமார் தினம் கிண்டியது. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அதே எடை பாலில் 120 சொச்சம் என்று டீச்சரம்மா கணக்குச் சொன்னார். கணக்கைவிட எனக்குப் பிடித்தது வேறு. களி காத்திருக்காது. நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி வைத்தால் எல்லோரும் உடனே உட்கார்ந்தாக வேண்டும். ஆறினால் கல். கிண்டியவளையும் சேர்த்து உட்காரவைக்கும் ஒரே சாப்பாடு அதுதான்.

இரண்டாவது புதன் கொசப்பேட்டைத் தங்கை மறுபடி பேசினாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"களி கிண்டி ஐந்து தட்டு வைத்தேன். அத்தையும் உட்கார்ந்தார். எல்லோருக்கும் உருண்டை வைத்துவிட்டு, பானை அடியிலிருந்த காந்தலைச் சுரண்டி அத்தைக்கு எடுத்தேன். அவருக்குக் காந்தல் என்றால் உயிர், நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்குத்தான் போகும். அவர் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். 'உங்கள் மாமனார்தான் எனக்குக் காந்தல் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அவர் போய் 16 வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை' என்றார். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்."

நோட்டில் இதற்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. அடுத்தவரைப் பேசச் சொல்லவும் கொஞ்ச நேரம் ஆனது.

நடையைப் பற்றி. கோட்டை அகழியை ஒட்டி ஐந்தரை மணிக்கு நான்கு பேர் போனார்கள். முதல் வாரத்தோடு டீச்சரம்மா நின்றுவிட்டார். விடியலில் தலை பாரமாக இருக்கிறது என்றார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர் பெண், வழக்கமான நாளில் வந்து கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தாள். கோடையில் கட்டுக்குள் இருந்தது இப்போது ஏறியிருந்தது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் கூடுவது உண்டு, மாத்திரையைத் தானாக மாற்றாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். டீச்சரம்மா இப்போது ஏழரைக்கு, வெயில் முகத்தில் பட்ட பிறகு நடக்கிறார். விடியலில் நடந்தால்தான் நடை என்பது நாமாக வைத்துக்கொண்ட சட்டம். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே தவிர, பனியில் என்று சொல்லவில்லை.

தோட்டப்பாளையத்து அக்காவின் அனுபவம் இன்னும் கடுமை. சர்க்கரை வந்து 8 வருடம். மார்கழி என்பதால் ஜலகண்டேசுவரர் கோயில் வரை செருப்பில்லாமல் போய்வர வேண்டுதல். அவரே சொல்லட்டும்.

"வீட்டுக்குத் திரும்பி வாசலில் நின்றேன். நான் விடியலில் போட்ட கோலத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. பேத்தி காவியைச் சிந்திவிட்டாள் என்று அவளைத் திட்டினேன். உள்ளே போனால் கூடத்திலும் சிவப்பு, சமையலறை வரை சிவப்பு. என் கால்தான். கண்ணாடிச் சில்லு ஒன்று குதிகாலில் ஏறியிருக்கிறது, எப்போது என்று தெரியாது. வலியே இல்லை. டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், பட்டதும் சொல்லுங்கள் என்றார். நான் காத்திருந்தேன். தொடுங்கள் டாக்டர் என்றேன். நான்கு முறை தொட்டுவிட்டேன் அம்மா என்றார்."

வலி இல்லாததைக் கண்டுதான் அவர் பயப்பட்டார். புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. இப்போது படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறார். குளிருக்கு இதமாக வெந்நீர்ப் பையில் காலை வைப்பதும் கூடாதாம். உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோனாலும் சொல்லாது. வேண்டுதல் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். "சாக்ஸ் போட்டுக்கொண்டு போனாலும் சாமி ஏற்றுக்கொள்வார். கோபம் வந்தால் என் டாக்டரிடம் பேசட்டும்" என்றார் அக்கா.

மூன்றாவது புதன் எல்லோரும் எதிர்பார்த்த நாள். பிதுக்கப் பருப்பு. எங்கள் பக்கத்துப் பனிக்கால விசேஷமே அதுதான். பனி இறங்க இறங்க மொச்சைக்கு மணம் ஏறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து பச்சை மொச்சைக்காய் மூட்டையாக வந்தது. முதல் நாளே உரித்துக் கொட்டையை ஊறப்போட்டிருந்தோம். ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு நசுக்கு. தோல் கையில் நிற்க, உள்ளே இருக்கும் பச்சைப் பருப்பு துள்ளி எதிரில் இருப்பவள் மடியில் விழும். ஒரு படி பிதுக்க ஒருத்தியால் ஆகாது. நகக்கண் கறுத்து, விரல் நுனி சுருங்கிவிடும். அதனாலேயே இது எப்போதும் கூடி உட்கார்ந்து செய்கிற வேலை. மாடியில் பதினொரு மணி வெயிலில் வட்டமாக உட்கார்ந்தோம். தோலில் டி வைட்டமின் உண்டாவதற்கும் இளவெயிலைவிட உச்சிக்கு ஏறிய வெயில்தான் உதவும் என்பதால் கூட்ட நேரத்தையே பதினொன்றுக்கு மாற்றியிருந்தோம்.

கண் கொட்டையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். முகம் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அன்று வந்தது. ஏலகிரிக்கு வேனில் போனபோது, 14 வளைவும் ஏறி இறங்கும் வரை கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்ததை ஒருவர் சொன்னார். உடனே மூன்று பேர் "எனக்கும்" என்றார்கள். குளிர்காலத்தில் தாகம் தெரிவதில்லை, குடிப்பதும் இல்லை. எங்களிலேயே இளையவள், இரண்டு பிள்ளைக்காரி, மாடிப்படி ஏறும்போது கண் இருட்டுகிறது என்றாள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. எங்கள் வட்டத்தைப் பார்த்தபடி டீச்சரம்மா இந்த எண்ணைச் சொன்னபோது நாங்கள் அறியாமலே ஒருவரை ஒருவர் எண்ணினோம். அந்தப் பெண் இரும்பு மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாள், தினமும் காலை டீயோடு. டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது. இப்போது டீயைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு போடுகிறாள்.

குழம்பைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான். தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டு, கறிக்குழம்பு மணத்தோடு இறக்கினோம். களி உருண்டையில் குழி பறித்து ஊற்றியதும் அரைமணி நேரம் மன்றத்தில் பேச்சே இல்லை.

எல்லோருக்கும் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சத்துவாச்சாரி அக்காவுக்கு மார்கழி முழுக்க நான்கு நாள்தான் முடிந்தது, நான்கும் ஞாயிறு. மருமகள் ராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறாள். ஆறரைக்கு வேன். அதற்கு முன் யாருக்கும் பசிக்காது. நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறியதைத் தின்கிறேன் என்று சொல்ல எனக்கு நீங்கள் 21 பேர் இருக்கிறீர்கள். அவள் பத்து மணிக்கு மெஷின் பக்கத்தில் ஆறிய தயிர்சோறு தின்கிறாள். அவள் யாரிடம் சொல்வாள்?" என்றார். யோசனைகள் அதோடு நின்றன. சூடு தாங்கும் டப்பா ஒன்று வாங்கித் தந்திருப்பதாகப் போகிற போக்கில் சொன்னார்.

போகியன்று சைதாப்பேட்டைத் தோழிக்கு மூச்சிரைப்பு. தெருவில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருக்கிறார்கள். பாய், முறம் எரிந்த புகையே பனியில் மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும், டயர் எப்படி? அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்ட பிறகு எங்கள் தெருவில் அடுத்த வருடத்துக்கு இப்போதே பேசிவைத்திருக்கிறோம்.

என் கணக்கு 17 நாள். மீதி நாட்களில் கடைசித் தோசை என்னுடையதே. கொசப்பேட்டைத் தங்கையின் மாமியார், எங்களுக்குப் பெரியம்மா, தை பிறந்த பிறகு கூட்டத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார். கைவேகத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சுகிறார், அவர் பிதுக்கினால் பருப்பு தவறிக்கூட வெளியே விழுவதில்லை. மாசி பிறந்தால் மொச்சை முற்றிவிடும். ஆகவே இந்த வாரம் மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் ஐந்து கிலோ சேர்த்து வாங்கி வரவும், பணம் நோட்டுக் கணக்கில். பெரியம்மாவுக்கு முழங்கால் மடங்காது, ஒரு முக்காலியும் வேண்டும்.