மான்ஸ்டரைக் காட்டிவிட்டால் பயம் போய்விடுமா? உங்களை விடாத அந்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

ராத்திரி_ஆட்டம்:

எல்லோரும் பார்த்த படம்தான், கதை சொல்லப் போவதில்லை. 'எ கொயட் பிளேஸ்', 2018. அந்தப் படிக்கட்டு ஆணி. எமிலி பிளண்ட் துணி மூட்டையை இழுத்துக்கொண்டு ஏறும்போது ஆணி நிமிர்ந்து நிற்கிறது, அவர் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். அதற்கப்புறம் அந்தப் படியில் யார் கால் வைத்தாலும் செருப்புக்குள் என் கட்டைவிரல் மடங்கிக்கொண்டது. கடைசியில் அவரே பிரசவ வலியோடு வெறுங்காலில் இறங்கி வந்து அதன் மேல் மிதிக்கிறார், கத்தக் கூடாது, கத்தினால் சத்தத்தை வைத்தே வேட்டையாடும் அந்த ஜந்து வந்துவிடும். பக்கத்து சீட்டுப் பையன் வாயில் போட்ட பாப்கார்னை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தான், சத்தியமாக.

அந்த நேரம் பார்த்து லைட்டைப் போட்டு இடைவேளை விட்டார்கள். நகைக்கடை விளம்பரம், முழு வால்யூமில். எந்தத் தியேட்டர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆபரேட்டரை இன்னும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் கருத்து இதுதான். அந்த ஜந்துவைச் சரியாகப் பார்க்காத வரைக்கும் படம் என்னை நெரித்தது. மூத்த பிள்ளையாக வரும் மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜத்திலும் காது கேளாதவர், கேமரா அவர் பக்கம் போகும்போதெல்லாம் சத்தம் அடங்கிவிடும், பின்னால் எது வந்தாலும் அவருக்குத் தெரியாது, அதுதான் பயம். கிளைமாக்ஸில் அதன் தலை இதழ் இதழாகப் பிரிவதைக் கிட்டத்தில் காட்டினார்கள். அங்கே பயம் போய் "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்று பாராட்டத் தோன்றிவிட்டது. மான்ஸ்டரை முழுதாகக் காட்டிய நிமிடமே படம் முடிந்தது என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

பகல்_வெளிச்சம்:

முழுக்க மறுக்கிறேன் ப்ரோ.

'தி ஹோஸ்ட்', 2006, பாங் ஜூன் ஹோ. படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பட்டப்பகல், ஹான் நதிக்கரை, ஜனம் பாயைப் போட்டுக் கொறித்துக்கொண்டிருக்கிறது. பாலத்துக்கு அடியில் என்னவோ தொங்குகிறது, என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, பீர் கேனைத் தூக்கிப் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அடுத்த நிமிடம் அது கரையில் ஓடி வருகிறது, தலை முதல் வால் வரை தெரிகிறது, இருட்டு இல்லை, மழை இல்லை, மூட்டம் இல்லை. அப்பனாக வரும் சாங் காங் ஹோ மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார், கீழே விழுகிறார், எழுந்து மறுபடி கையைப் பிடித்து ஓடுகிறார், திரும்பிப் பார்த்தால் கையில் இருப்பது வேறு யாரோ ஒரு பெண்பிள்ளை.

அந்த முகம். அதற்கு மேல் எழுத முடியவில்லை. என் மகளோடு திருவிழாக் கூட்டத்துக்குப் போனால் இன்றைக்கும் நான் கையைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைப் பிடிப்பேன், நிமிடத்துக்கு ஒரு தடவை முகத்தைப் பார்ப்பேன். வீட்டம்மாவுக்குக் காரணம் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆக, காட்டினால் பயம் போய்விடும் என்பது டைரக்டரைப் பொறுத்த விஷயம். இன்னொன்று, சியோலில் அமெரிக்க ராணுவத் தளத்திலிருந்து ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் கொட்டி அது நதிக்குப் போன சம்பவம் 2000-இல் நிஜமாகவே நடந்தது, படம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகும் பயமாக இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஸ்காபரோ_வாசி:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கனடா. 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' இங்கே 2023 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய பல்லிப் படம், சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் சொன்னேன்.

டோக்கியோவின் கின்ஸா பகுதியைக் காட்ஸில்லா அழிக்கும் காட்சி உங்களுக்குத் தெரியும். அதன் முதுகு முள்ளெல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி நீலமாகும், பிறகு எல்லாம் ஒரேயடியாக உள்ளே இறங்கும், வெளிச்சம் பாயும். வெளிச்சம் வந்த உடனேயே அம்மா குனிந்து காதைப் பொத்திவிட்டா. சத்தம் இன்னும் வரவில்லை. தியேட்டரில் இருந்த மற்ற ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறார்கள், அம்மா மட்டும் சீட்டுக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்விட்டா. குண்டு போடும் பொம்மர் விமானம் வந்த நாட்களில் பங்கருக்குள் எங்களுக்கு அதைத்தான் சொல்லித் தந்தவ, வெளிச்சம் கண்டால் சத்தத்துக்குக் காத்திருக்காதே என்று. இத்தனை வருசம் கழித்தும் உடம்பு அதை வைத்திருக்கிறது. வெளியே போவோமா என்று கேட்டேன், மாட்டேன் என்றுவிட்டா. கடைசி வரை இருந்து பார்த்தா. காரில் ஏறின பிறகு படத்தின் நாயகன் ஷிகிஷிமாவைப் பற்றி ஒரு வசனம் மட்டும் சொன்னா: "அந்தப் பெடியனுக்கு இனி நித்திரை வராது."

காட்டுவதா மறைப்பதா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் முதல் காட்ஸில்லா படம் வந்தது. அந்த ஊரார் பார்க்கும்போது அது பல்லி இல்லை. ஹாலிவுட் காட்ஸில்லாவை நானும் பார்க்கிறேன், பொப்கோர்னுக்கு நல்லது, ஆனால் அதில் கட்டிடம் விழுகிறது, உள்ளே இருந்த ஆட்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

கருந்திரை:

ஸ்காபரோ அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

இன்னொரு தகவல், 'மைனஸ் ஒன்' படத்தின் கிராபிக்ஸ் குழுவில் 35 பேர்தான், 610 ஷாட். இயக்குநர் தகாஷி யமசாகியே விஷுவல் எஃபெக்ட்ஸ் பொறுப்பையும் பார்த்து 2024-இல் ஆஸ்கார் வாங்கினார். நம் ஊரில் பட்ஜெட் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் கவனிக்கவும்.

சவுண்ட்_பெட்டி:

என் அனுபவம் சின்னது. 'ஹெரிடிட்டரி' தியேட்டரில். மகன் இருட்டில் கண் விழிக்கிறான், படுக்கைக்கு மேலே சுவர் மூலையில் அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இசை எதுவும் காட்டிக்கொடுக்காது, கேமராவும் அந்தப் பக்கம் போகாது. முன்வரிசையில் ஒருவர் முதலில் பார்த்து "ஐயோ" என்றார், அப்புறம் இடது பக்கம் ஒரு பெண், அப்புறம் நான். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கண்டுபிடித்தோம், ஒருவர் "எங்கே, எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதே படத்தை அண்ணன் வீட்டு டிவியில் போட்டேன். அந்த மூலையில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கறுப்பு. படம் மொக்கை என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து போய்விட்டார். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து இதையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் படத்தைக் குறை சொல்லுங்கள். டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்று ஒன்று இருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய படமும் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். படத்தை எடுத்தவர்கள் நினைத்த மாதிரியே காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள். நிறத்தையெல்லாம் தூக்கிக் காட்டும் 'விவிட்' பக்கமே போக வேண்டாம். டியூப்லைட்டை அணைத்தே ஆக வேண்டும், முழு இருட்டு கண்ணுக்கு வலித்தால் டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வையுங்கள், திரையில் வெளிச்சம் விழாத மாதிரி. ஓடிடியில் நெட் வேகம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இருட்டுக் காட்சிதான், கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் டவுன்லோடு வசதி இருந்தால் உயர்ந்த குவாலிட்டியில் இறக்கிப் பாருங்கள். அடுத்தது சத்தம். 'நைட் மோட்' போட்டால் மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். பேய்ப்படமே அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. டிவி ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, சப்வூஃபர் இல்லையா, நல்ல ஹெட்போன் போதும். 1954 காட்ஸில்லாவின் உறுமலை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே எப்படி உண்டாக்கினார் தெரியுமா, தோல் கையுறையில் பிசின் தடவி டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் தந்தி மேல் இழுத்தார். அவ்வளவு மெனக்கெட்டதை நீங்கள் மொபைல் ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள்.

உமா_திருச்சி:

யாரும் கேட்காமலே இத்தனை டிப்ஸ். எங்கள் வீட்டு டிவியை அணைக்கவே ரிமோட்டை ரெண்டு தட்டு தட்ட வேண்டும், இதில் ஃபிலிம்மேக்கர் மோட் எங்கே போவது.

எல்லோரும் ஜப்பான், கொரியா என்று போய்விட்டீர்கள், 'யாவரும் நலம்' யாருக்கும் நினைவில்லையா? 2009. நான் அப்போது புது அபார்ட்மெண்டுக்குக் குடிபோயிருந்தேன். மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது, வேறு யாராவது கூட ஏறினால் கிளம்பிவிடும். படம் பார்த்த மறுநாள் காலையில் எங்கள் லிஃப்டில் பொத்தானை அழுத்தினேன், கிளம்பவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனால் நான் இறங்கிப் படியில் நடந்தேன். நாலு மாடி. மதியம் ஒரு மணிக்கு மாமியார் சீரியல் போட்டால் நான் அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவேன், அந்தப் படத்தில் மாதவன் குடும்பத்துக்கு நடப்பதையே காட்டும் சீரியலும் அதே ஒரு மணிக்குத்தானே வரும். வேலை முடிந்து எட்டிப் பார்த்தால் மாமியார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்தப் படத்தில் பல்லியும் இல்லை, நகமும் இல்லை. டிவி, ஒரு குடும்பம், அவ்வளவுதான். அதை எடுத்த ஊரில் இன்றைக்குப் பேய்ப்படம் என்றால் பெரிய பங்களா, நாலு காமெடியன், ஒரு குத்துப்பாட்டு, கடைசியில் அம்மன் சிலை. பேய் வந்தால் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். எல்லாவற்றையும் கெடுத்தது 'காஞ்சனா' தான் என்பேன்.

முனி_ரசிகன்:

உமா அக்கா, இது அநியாயம். 'காஞ்சனா'வை எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் பார்த்தேன். முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரத்குமார் திருநங்கையாக வரும் பிளாஷ்பேக்கில் மொத்தக் கூட்டமும் அமைதியாகிவிட்டது. எனக்கு முன்னால் திருநங்கைகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், இடைவேளை வரைக்கும் பின்னாலிருந்து அவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்த ஒரு கும்பல் அப்புறம் வாயே திறக்கவில்லை. 2011-இல் பெரிய ஹீரோ ஒருவர் அந்த வேஷம் போட்டார் என்பதே பெரிய விஷயம். அதைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் அந்தப் பிளாஷ்பேக்கை விட்டுவிட்டுக் காமெடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றால் அதற்கு இயக்குநர் லாரன்ஸ் என்ன செய்வார்?

குகை_மனிதன்:

ராத்திரி_ஆட்டம் சொன்னதற்கும் பகல்_வெளிச்சம் சொன்னதற்கும் நடுவில் ஒரு படம் இருக்கிறது. 'தி டிசென்ட்', 2005. குகைக்குள் மாட்டிக்கொண்ட பெண்கள், கேமராவின் நைட் விஷனில் ஒருத்தி சுற்றிப் பார்க்கிறாள், இன்னொருத்தி தோளுக்குப் பின்னால் குகையில் வாழும் அந்த ஜந்து நின்றுகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரியாது. ஜந்துவாக ஒப்பனை போட்டு நடித்தவர்களை அந்தக் காட்சி எடுக்கும் வரைக்கும் நடிகைகள் கண்ணில் காட்டாமல் இயக்குநர் நீல் மார்ஷல் மறைத்து வைத்திருந்தார்.

நான் அதை ஹாஸ்டலில் லேப்டாப்பில் பார்த்தேன், மேல் பங்க்கில் படுத்திருந்தவன் அந்த நேரம் காலைக் கீழே தொங்கவிட்டான். அவன் கணுக்காலில் என் நகத்தடம் விழுந்தது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இடைவேளையைப் பற்றி ஒன்று. 2022-இல் 'கனெக்ட்' 99 நிமிடம், இடைவேளையே இல்லாமல் வந்தது. நான் போன ஷோவில் முக்கால் மணி நேரம் தாண்டியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேண்டீனுக்குப் போய், அது பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்து, பேய் ஓட்டும் காட்சி ஓடும்போது பக்கத்தில் இருந்தவரிடம் "எப்பங்க விடுவாங்க?" என்று கேட்டார். ஜனம் சிரித்துவிட்டது. ஆபரேட்டரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

ராத்திரி_ஆட்டம்:

குகை_மனிதன், 'டிசென்ட்' எனக்குச் சாதகமான படம்தான். முதல் ஒரு தடவை பார்த்ததும் உயிர் போனது, அதற்கப்புறம் அவர்கள் வரிசையாக வந்து அடிவாங்கும்போது சண்டைப் படம் ஆகிவிட்டது. 'ஹோஸ்ட்' கடைசியில் அது தீப்பிடித்து எரிவதைப் பாருங்கள், கிராபிக்ஸ் நெருப்பு அதன் மேல் ஒட்டவே இல்லை.

பகல்_வெளிச்சம்:

நெருப்பு ஒட்டவில்லைதான், யார் இல்லை என்றது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் அந்த அப்பனின் கையில் இருந்தது யார் என்பதைப் பார்க்கவே இல்லை. மறுபடி போட்டுப் பாருங்கள். வேண்டுமானால் சவுண்ட்_பெட்டியிடம் செட்டிங் கேட்டுக்கொள்ளுங்கள்.

சவுண்ட்_பெட்டி:

டிவி மாடல் நம்பரை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.