அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்து ஃபின்னி கவுண்டிக்குப் புதுசா வர்றவங்களுக்கு

இந்தக் கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைநகரான கார்டன் சிட்டியில வேலை கிடைச்சு வந்த தங்கச்சி "இங்க ஒண்ணுமே இல்லையே அண்ணா"ன்னு எழுதியிருந்தாங்க. வந்த புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சும்மா. இந்த மண்ணோட கதை தெரிஞ்சதும் மாறிடுச்சு.

ஊரைத் தாண்டினா மைலுக்கு ஒரு ரோடு, நூல் பிடிச்ச மாதிரி. அந்தக் கால அரசாங்க சர்வேயில நிலத்தை ஒரு மைல் சதுரமா, 640 ஏக்கரா பிரிச்சாங்க. அதுல கால் பங்கு, 160 ஏக்கர், 1862 சட்டப்படி குடியேறினவங்களுக்குக் கிடைச்சது. அதனால வழி கேட்டா "ரெண்டு மைல் வடக்க, ஒரு மைல் கிழக்க"ம்பாங்க. நம்ம ஊர்ல "தெக்கால போ"ன்னு சொல்ற மாதிரியேதான், சீக்கிரம் பழகிடும்.

மேப்பைப் பாருங்க, கவுண்டியோட வடகிழக்குல ஒரு துண்டு தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். அது 1887-ல உருவான கார்ஃபீல்டு கவுண்டி. எது தலைநகர்ன்னு ரவானா, எமினென்ஸ்னு ரெண்டு ஊருக்கும் பெரிய சண்டை, தேர்தல், கோர்ட்டு. கடைசியில அளந்து பார்த்தா, ஒரு கவுண்டிக்குச் சட்டம் கேட்ட 432 சதுர மைல்கூட இல்ல! கவுண்டியையே கலைச்சு 1893-ல ஃபின்னியோட சேர்த்துட்டாங்க. அடிச்சுக்கிட்ட ரெண்டு ஊருமே இன்னைக்கு இல்ல. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

தெக்க ஓடுற ஆத்தை இங்க "ஆர்-கேன்-சஸ்"னுதான் சொல்லணும், "ஆர்கன்சா" இல்ல. பாலத்துல நின்னு பார்த்தா பெரும்பாலும் மணல்தான். மேல கொலராடோவுல பாசனத்துக்குத் தண்ணி எடுத்துடறாங்க, இங்க நிலத்தடி நீரும் இறங்கிடுச்சு. விமானத்துல வரும்போது பார்த்த பச்சை வட்டமெல்லாம் பயிருதான், ஓகல்லாலாங்கிற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்துத் தண்ணியில விளையுறது. நடுவுல போர்வெல், அதைச் சுத்தி வர்ற நீளமான தெளிப்புக் குழாய். மழை ஊறி நிரப்புறதைவிட பல மடங்கு வேகமா உறிஞ்சுறாங்க. அதனால ஊருக்கு வெளிய வீடு வாங்குறதா இருந்தா, வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி கிணறு எத்தனை அடி, இப்போ தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு கேளுங்க.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 1980-ல ஹோல்கோம் பக்கத்துல பெரிய மாட்டிறைச்சி ஆலை வந்ததுல இருந்து வியட்நாம், மெக்சிகோ, சோமாலியாக்காரங்கன்னு நிறைய பேர் குடியேறியிருக்காங்க. அரிசி, பச்சை மிளகாய், கொத்தமல்லிக்கு அவங்க கடைகளுக்குப் போங்க.

இன்னொண்ணு: 50-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில மேற்க சிராக்யூஸ் பக்கம் போனா நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போயிடும். அங்க யாரையாவது பார்க்க நேரம் வாங்கினா, எந்த ஊர் நேரம்னு கேட்டுக்கோங்க.