ஹையேஸ் வானில சமையலும் தையலும்: மிச்சச் சோறு, பெட்டரி, உப்புக்காத்து

உப்புவெளி_மகள்:

வணக்கம். ஓகஸ்ட் லீவுக்கு திருமலையில இருந்து வெளிக்கிட்டு நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை எண்டு மேல போய், திரும்பி மூதூர், வெருகல், வாகரை வழியா மட்டக்களப்பு மட்டும் போற யோசனை. நாலு பேர்: நாங்கள் ரெண்டு பேர், ஆறு வயதுப் பிள்ளை, அம்மா. வண்டி லோங் ஹையேஸ். பின்சீற் எல்லாம் கழட்டிப் பலகைக் கட்டில் அடிச்சிருக்கு.

இருக்கிற சாமான்: 5 கிலோ காஸ் சிலிண்டரும் ரெண்டு பேர்னர் அடுப்பும், 40 லீற்றர் ஐஸ் பெட்டி (பிரிட்ஜ் இல்லை), 100 அம்பியர்மணி பெட்டரி, 600 வாற் இன்வேர்ட்டர், 85 வாற் கரண்ட் தையல் மெஷின். யன்னல் திரை, நுளம்பு வலை, பக்கக் கதவில இருந்து இழுக்கிற கன்வஸ் பந்தல் மூண்டும் போற வழியில தைச்சு முடிக்கவேணும்.

ரெண்டு விசயம் தெரியவேணும். இந்தச் சூட்டில மிஞ்சிற சோறு, மீன்கறியை எவ்வளவு நேரம் வைச்சுச் சாப்பிடலாம்? மெஷின் இந்த இன்வேர்ட்டரில ஓடுமா?

பாரைக்கறி:

தங்கச்சி, சோத்தில இருந்தே தொடங்குவம். ஓகஸ்டில கச்சான் காத்து (தென்மேல் காத்து) அடிக்கேக்க திருமலையில பகல் 34, 35 பாகை. வெயிலில பூட்டி நிண்ட வானுக்குள்ள அதைவிடக் கனக்க. இப்பிடியான சூட்டில சமைச்ச சாப்பாட்டுக்குக் கணக்கு ஒரு மணித்தியாலம்தான். வழக்கமாச் சொல்லுற ரெண்டு மணித்தியாலம் குளிர்ச்சியான இடத்துக்குப் பொருந்தும், எங்கட கரைக்குப் பொருந்தாது.

சோறு ஏன் விசேசமா ஆபத்து எண்டால், அரிசியில இருக்கிற பசில்லஸ் செரியஸ் எண்ட கிருமியின்ர வித்து கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. சோறு இளஞ்சூட்டில கிடக்கேக்க அது முளைச்சுப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சைத் திருப்பிச் சூடாக்கி அழிக்கேலாது. "நல்லாக் கொதிக்க வைச்சுச் சாப்பிட்டால் சரி" எண்டு சனம் சொல்லுறது சோத்துக்குச் சரிவராது.

ஆகவே சாப்பிட்டு முடிய முதலே மிச்சத்தைப் பிரிச்சு எடுங்கோ. அகலமான தட்டில ஒரு அங்குலத்துக்கு மேல தடிப்பில்லாமல் பரப்பி, மெல்லிய துணியால மூடிக் காத்துப் படுற நிழலில வைச்சால் இருபது நிமிசத்தில ஆவி அடங்கும். பிறகு மூடி இறுக்கிற டப்பாவில போட்டு ஐசுக்கு மேல. பானையோட அப்பிடியே ஐஸ் பெட்டிக்குள்ள இறக்கினால் நடுச்சோறு மணிக்கணக்காச் சூடா இருக்கும், ஐசும் கரைஞ்சு போகும். அடுத்த நாள் ஒருக்கா மட்டும் சூடாக்கலாம். அதிலயும் மிஞ்சினால் கொட்டவேணும்.

ஐசைக் கட்டியாவே வாங்குங்கோ, நொறுக்கினது கெதியாக் கரையும். மீனுக்குப் போடுற ஐஸ் சாப்பாட்டில முட்டக்கூடாது, அதாலதான் இறுக்கமான டப்பா. கரைஞ்ச தண்ணி குளிரா இருக்கும் மட்டும் வடிக்காதேங்கோ, குளிரைப் பிடிச்சு வைக்கும். பச்சை மீனுக்கு வேற பெட்டி, இல்லாட்டில் அண்டண்டைக்கு வாங்கிச் சமையுங்கோ.

மீன்கறியில முக்கியம் எந்த மீன் எண்டது. சூரை, கும்பளா மாதிரிச் சிவப்புத் தசை மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில ஹிஸ்டமின் ஊறும். பொரிச்சாலும் அவிச்சாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, கடிச்சு, தலை இடிக்கும். நாக்கில மிளகு மாதிரிச் சுரீர் எண்டு பட்டால் அந்தத் துண்டைத் துப்பிப்போட்டுச் சட்டியோட ஒதுக்குங்கோ. பயணத்துக்கு விளைமீன் நல்லம்.

தேங்காய்ப்பால் விட்ட கறி கெதியாப் புளிக்கும். அடுத்த நேரத்துக்கு வைக்கிற பங்கைப் பால் விட முதலே பிரிச்செடுத்து ஐசில வையுங்கோ. சாப்பிடப் போகேக்க கொதிக்க விட்டு, தேங்காய்ப்பால் மாவை வெந்நீரில கரைச்சு ஊத்தினால் புதுக்கறி மாதிரித்தான். கொறுக்காய்ப் புளி போட்டுத் தண்ணி வத்தப் பிரட்டின மீன் மற்றக் கறியளைவிட நிண்டு பிடிக்கும், ஆனால் மீன் ஐசில இருந்து வந்ததா இருக்கவேணும்.

எல்லாத்துக்கும் முதல் அளவு. ஆளுக்கு அரைச் சுண்டு (அரிசி அளக்கிற பேணி) அரிசி காணும். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் அதைவிடக் குறைவு. பின்னேரத்துக்குப் பாண் வாங்கலாம் எண்டால் மத்தியானம் ஒண்டரைச் சுண்டோட நிப்பாட்டுங்கோ.

ஊசிநூல்:

பெட்டரி காணும், அதில பயமே வேண்டாம். 85 வாற் எண்டது முழு வேகத்தில ஓடேக்க. துணி திருப்ப, ஊசி குத்த, நூல் வெட்டப் போற நேரம் மோட்டர் நிக்கும். ரெண்டு மணித்தியாலம் குந்தித் தைச்சால் மோட்டர் ஓடுறது அதில மூண்டில ஒண்டு. இன்வேர்ட்டர் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட் பெட்டரியில 6 அம்பியர்மணி போகும். 100 அம்பியர்மணி பெட்டரியில பாதிக்கு மேல இறக்காமல் பாவிச்சாலும் தாராளம்.

சிக்கல் இன்வேர்ட்டரின்ர வகையில. பியூர் சைன் (வீட்டுக் கரண்ட் மாதிரி வழுவழுப்பான அலை) எண்டு எழுதியிருந்தால் பேசாமல் தையுங்கோ. மொடிபைட் சைன் (படி படியா வெட்டின அலை) எண்டால் மோட்டர் ஓடும், ஆனால் எலெக்ரோனிக் கால்மிதி குழம்பும். மெதுவா அமத்தினால் ஓடாது, கொஞ்சம் கூட அமத்தினால் பாயும், மிதியும் சுடும். கால்மிதியைத் தொடேலாத அளவு சூடு வந்தால் நிப்பாட்டிப் போடுங்கோ. பழைய இரும்பு சிங்கர் ஆரிட்டையும் இருந்தால், பின்பக்கம் மோட்டர் பூட்டுற மேடும் ஆரக்கால் சக்கரமும் இருக்குதா எண்டு பாருங்கோ. இருந்தால் கைச்சக்கரம் பூட்டலாம், கரண்டே வேண்டாம். கன்வசுக்கு மெதுவா, பலமாக் குத்தும்.

அயன் பெட்டியை வீட்டிலயே விடுங்கோ. 1000 வாற் அயன் உங்கட இன்வேர்ட்டரைத் தாண்டும். மடிப்பை நகத்தால கீறி, கொதிநீர் ஊத்தின அடி தட்டையான எவர்சில்வர் செம்பால அமத்தினால் பருத்தித் துணி வடிவாப் படியும்.

இனிக் கன்வஸ். வீட்டு மெஷினில 120 டிக்கெட் நூல் (டிக்கெட் எண் கூடக் கூட நூல் மெல்லிசு) போட்டுத் தைச்ச பந்தல் கச்சான் காத்துக்குக் கிழியும். 60 டிக்கெட் பொலியெஸ்டர் வேணும். பருத்தி நூல் வெயிலிலயும் ஈரத்திலயும் உக்கிப்போகும். ஊசி ரெண்டு மடிப்புக்கு 16, நாலு மடிப்புக்கு 18. தையல் நீளம் மூண்டரையில இருந்து நாலு மில்லிமீற்றர். நெருக்கித் தைச்சால் பலம் எண்டு நினைக்கிறது பிழை. ஓட்டை கூடி, முத்திரை கிழிக்கிற வரி மாதிரித் துணி அந்த இடத்தாலயே பிரியும்.

ஊசி உடையிறது பெரும்பாலும் மூலை மடிப்பில. தடிப்பான இடத்தில ஏறேக்க அமத்துற பாதம் முன்பக்கம் நிமிர்ந்து பின்பக்கம் சரியும். ஊசி நேராய் இறங்காமல் தட்டில அடிக்கும். மட்டையை மடிச்சு மடிப்பின்ர தடிப்புக்குச் சமனாக்கிப் பாதத்தின்ர பின்பக்கத்துக்குக் கீழ வைச்சால் பாதம் மட்டமாகும். அந்த நாலைஞ்சு குத்தைக் கையால சக்கரம் சுத்திப் போடுங்கோ.

அடியில நூல் கூடு கட்டினால் பொபினைத் திட்ட வேண்டாம். மேல்நூல் இறுக்கத் தட்டுக்குள்ள விழேல்லை. பாதத்தைத் தூக்கிவிட்டு முதலில இருந்து நூல் கோருங்கோ.

துருவுக்கு: ஊசியளை மாத்திரைப் போத்தலில ஈரமுறிஞ்சிப் பைக்கட்டோட அடையுங்கோ. துருவேறின ஊசியால தைச்சால் நூல் பஞ்சாகும். நகத்தில இழுத்துப் பார்த்தால் கீறும். மெஷினுக்கு மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசினா இறுகி, அடுத்த முறை சக்கரம் சுத்தாது. வண்டி ஓடேக்க பாதத்துக்குக் கீழ துணி மடிச்சு வைச்சு, ஊசியையும் பாதத்தையும் இறக்கி, மெஷினைக் கட்டிலுக்குக் கீழ தரையில பட்டியால கட்டுங்கோ.

உப்புவெளி_மகள்:

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்வேர்ட்டர் மொடிபைட் தான், கால்மிதி நீங்கள் சொன்ன மாதிரியே சுடுது. வெருகல் தாண்டினால் ஐஸ் கிடைக்காமல் போற நாளும் வரும். அண்டைக்கு மிச்சத்தை என்ன செய்யிறது? நுளம்பு வலை பாதத்துக்குக் கீழ வழுக்குது, அதுக்கும் சொல்லுங்கோ.

சீனக்குடா_அடுப்பு:

ஐஸ் இல்லாத நாளில மிச்சத்தை அந்த நேரத்துக்குள்ளேயே வேற சாப்பாடாக்கவேணும்.

காலையில மிஞ்சின தேங்காய்ச் சம்பல் மத்தியானம் தாண்டாது. ரெண்டு கோப்பை கோதுமை மாவுக்கு முக்கால் கோப்பை சம்பல் போட்டு முதலில தண்ணி இல்லாமல் பிசையுங்கோ. வெங்காயமும் தேங்காயும் ஈரம் விடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி, அரைக் கோப்பையைத் தாண்டுறது குறைவு. சம்பலில உப்பு இருக்கிறபடியால் மாவுக்கு உப்புப் போட வேண்டாம். இருபது நிமிசம் மூடி வைச்சுத் தட்டி, மெல்லிய நெருப்பில சுடுங்கோ. நெருப்புக் கூடினால் வெங்காயம் கருகும், உள்மா வேகாது. இந்த ரொட்டி பின்னேரப் பசிக்கு அருமை.

புட்டு மிஞ்சினால் காய்ஞ்ச புட்டில நேரே முட்டை ஊத்தாதேங்கோ, கட்டிபடும். உப்புக் கலந்த சுடுதண்ணி ரெண்டு கரண்டி தெளிச்சு உதிர்த்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, முட்டையைத் தனியா உதிர்த்துப் பொரிச்ச பிறகு புட்டைக் கொட்டிக் கிளறவேணும். நாலு கோப்பை புட்டுக்கு ரெண்டு முட்டை. இடியப்பத்துக்கும் இதே வழிதான், தெளிக்கிற தண்ணி மட்டும் பாதி.

இராச்சோத்துக்குப் பழஞ்சோறு இருக்கு. சோறு ஆறின உடன சோத்துக்கு மேல ரெண்டு விரல் நிக்கக் கொதிச்சாறின தண்ணி ஊத்தவேணும். முதல் நாள் பழஞ்சோத்துத் தண்ணி ரெண்டு கரண்டி விட்டால் புளிப்புக் கெதியா ஏறும், அந்தப் புளிப்புத்தான் கெட்ட கிருமியை அடக்கிறது. வானுக்குள்ள வைக்காமல் வெளியில, ஈரத்துணி சுத்தின மண்சட்டியில வையுங்கோ. விடிய நல்ல புளிமணம் வரவேணும். நூல் இழுத்தாலோ, மேல படை கட்டினாலோ கொட்டுங்கோ. தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் போட்டுக் குழைச்சு எட்டு மணிக்கு முதல் சாப்பிட்டு முடியுங்கோ. பிள்ளைக்கும் அம்மாவுக்கும் இதைக் குடுக்காதேங்கோ, அவைக்கு விடியப் புதுசாக் கஞ்சி வையுங்கோ.

காஸ் பற்றி ஒண்டு. காஸ் காத்தைவிடப் பாரம், கசிஞ்சால் தரையில தேங்கும். சிலிண்டர் நிக்கிற இடத்தில தரைமட்டத்தில வெளிக்காத்துத் துவாரம் இருக்கோணும். சமைக்கேக்க பக்கக்கதவு திறந்திருக்கோணும், மழை பெய்தாலும்.

ஊசிநூல்:

வலைக்கு: அடியில வெள்ளைக் காகிதக் கீற்று வைச்சு வலையோட சேர்த்துத் தைச்சுப்போட்டுக் கிழிச்செடுங்கோ, வழுக்காது. பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். ஊசி 11. ஓரத்துக்கு ஒரு அங்குலப் பருத்தி நாடா. வானின்ர இரும்புச் சட்டத்தில ஒட்டக் காந்தம் வைக்கிறதெண்டால் நாடாவில 15 சென்ரிமீற்றருக்கு ஒரு சின்னப் பை விட்டு, தைச்சு முடிஞ்ச பிறகு காந்தத்தைப் போட்டு வாயை மூடுங்கோ. முதலே போட்டால் மெஷின் தட்டில ஒட்டித் தையல் கோணும். பசை பூசின வெல்க்ரோ வாங்காதேங்கோ, பசை ஊசியில ஏறித் தையல் விட்டு விட்டுப் போகும்.

கால்மிதி சுடுறதுக்கு இன்னொரு இன்வேர்ட்டர் வாங்க முதல் இதைச் செய்து பாருங்கோ. நீட்டுத் தையலுகள் எல்லாத்தையும் திருமலையில வீட்டுக் கரண்டில முடிச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. வழியில நாடா, கொக்கி, மூலை மட்டும் கையால.

வெட்டி மிஞ்சிற திரைத்துணியில ஒரு சூட்டுப்பை தையுங்கோ, மிச்சச் சோத்துக் கவலை பாதியாக் குறையும். பானையின்ர சுத்தளவுக்கு மேல ஒரு சாண் கூட்டி ரெண்டு படை துணி, நடுவில நாலு விரல் தடிப்புக்கு இலவம்பஞ்சு, பஞ்சு ஒருபக்கம் சேராமல் கட்டம் கட்டமாத் தையல். அடிக்கும் மூடிக்கும் ஒவ்வொரு தலையணை. அரிசி ரெண்டு பங்கு தண்ணியோட அஞ்சு நிமிசம் மூடிக் கொதிச்ச உடன பைக்குள்ள இறக்கிக் கட்டினால் முக்கால் மணித்தியாலத்தில வெந்திருக்கும், காஸும் மிச்சம். நாட்டரிசிக்குத் தண்ணியும் கொதிநேரமும் கூட. பானை முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிருக்கவேணும். பாதிப் பானை கெதியா ஆறி, சோறு வேகாமல் இளஞ்சூட்டில கிடக்கும், அதுதான் பாரைக்கறி சொன்ன ஆபத்து. பைக்குள்ள சூடா வைக்கிறது ஆகக் கூடினால் நாலு மணித்தியாலம், திறந்தால் உடன பரிமாறவேணும். ஆறின மிச்சத்தை இந்தப் பைக்குள்ள ஒருநாளும் வைக்காதேங்கோ.