மிஷனரியைத் தாங்குறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்களேன்

பாளையங்கோட்டை அண்ணாச்சி:

மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவன் நான். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர்ல. காலையில பேப்பர் படிச்சு முடிச்சா, அப்புறம் பொழுது போகாது. அப்போதான் எங்க ஜெபக்குழு ஒரு மிஷனரி குடும்பத்தைத் தாங்க ஆள் சேர்த்தது. ஜார்க்கண்ட், சாகிப்கஞ்ச் பக்கம், ராஜ்மகால் மலையில மால்தோங்கிற பழங்குடி ஜனங்க மத்தியில ஊழியம். பேர் கொடுத்தேன். மாசாமாசம் பணம் போகும், ஜெபக்குறிப்பு வரும், அவ்வளவுதான்.

அந்த மிஷனரித் தம்பி லீவுல குடும்பத்தோட வந்தப்போ எங்க வீட்டுல சாப்பாடு. குழுவுல ஒருத்தர், "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க?"ன்னு கேட்டார். தம்பி அதை விட்டுட்டு காலா அசாரைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். மணல் ஈ கடிச்சு வர்ற காய்ச்சல். மண்ணீரல் வீங்கி, வைத்தியம் பார்க்காம விட்டா ஆளையே கொண்டுபோயிருமாம். நோயாளியைக் கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு மலை இறங்கணும். மால்தோவும் திராவிட மொழிதான், ஆனா தமிழ்க்காரன்ங்கிறதால சுலபமா வந்துராதுன்னு சிரிச்சார். அவர் சம்சாரம் அதிகம் பேசலை. பிள்ளைகளை ஹாஸ்டல்ல விட்டிருக்கிறதை மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்க.

அதுக்கப்புறம் ரசீதுப் புத்தகத்தை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். மாச முதல் வாரம் வீடுவீடாப் போறேன். நாலு வீட்டுல காபி, ஒரு வீட்டுல "அடுத்த மாசம் பார்ப்போம்". அந்த வாரம் மட்டும் எனக்கு வயசே தெரியலை.

நாசரேத், இப்போ பெங்களூரு:

அண்ணாச்சி, எங்க அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைப்பாங்க, மிஷனரிக்குன்னு. மிசோரம் பிரெஸ்பிடேரியன் சபையில இதே பழக்கம் 1910லயிருந்து இருக்கு, மிஷன் வேலைக்கு அதுல பெரிய தொகை சேருது. நம்ம ஊர்லயும் இது புதுசு இல்லையே. 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்போ, நம்ம ஆட்களே போகணும், நம்ம பணமே போகணும்ங்கிறதுதான் பேச்சு. அந்தச் சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் அசரியா. தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பின அவர் அங்கேயே 1912ல பேராயர் ஆனார். நான் ஜிபேல அனுப்புறேன். அம்மா மாதிரி தினம் நினைக்கிறேனான்னு கேட்டா, இல்லை.

மதுரை:

எனக்கு நடந்தது வேற. தனியா ஊழியம் செய்றதாச் சொன்ன ஒருத்தருக்கு அனுப்பினேன். போட்டோ நிறைய வந்தது, கணக்கு வரலை. நிறுத்திட்டேன். இப்போ ஆடிட் கணக்கு காட்டுற சங்கத்துக்கு மட்டும்தான்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி:

நீங்க செஞ்சது சரிதான் தம்பி. கணக்கு கேட்டா முகம் சுளிக்கிறவங்களுக்கு நானும் கொடுக்கிறதில்லை. பைபிள்ல 1 சாமுவேல் 30ல, களைச்சுப்போய் சண்டைக்கு வராம பேசோர் ஆத்தாண்டை தங்கின இருநூறு பேருக்கும் தாவீது கொள்ளைப்பொருள்ல சரிபங்கு கொடுத்தார். ஆனா அவங்க சும்மா இருக்கலை, ரஸ்துக்களை, அதாவது படையோட மூட்டை முடிச்சுகளைக் காவல் காத்தாங்க. கணக்கு பார்க்கிறதும் அந்தக் காவல்தானே?

எங்க மிஷனரித் தம்பியோட மூத்த மக இப்போ பிளஸ் டூ. நர்சிங் படிக்கணுமாம். பீஸுக்குத் தனியா என்ன செய்யலாம்னு வர்ற சனிக்கிழமை குழுவுல பேசப்போறோம்.